வெள்ளைப் பலகை: சென்னைப் பேருந்தின் அரை நூற்றாண்டுக் கணக்கு

கண்ணகி நகரில் விடியற்காலை ஐந்து மணிக்கே பேருந்து நிறுத்தம் நிறைந்துவிடுகிறது. நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் சாப்பாட்டு டப்பா. அடையாற்றிலும் மயிலாப்பூரிலும் யாரோ ஒருவர் வீட்டு வாசலை ஆறரை மணிக்குள் தெளித்துக் கோலம் போட்டாக வேண்டியவர்கள். தூரத்தில் வண்டி திரும்பும்போது, தட எண்ணுக்கு முன்னால் அவர்கள் கண் தேடுவது நிறத்தை. சொகுசு வண்டி ஒன்று வந்து நிற்கிறது. கண்டக்டர் எட்டிப் பார்க்கிறார். ஓரிருவர் ஏறுகிறார்கள், மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். சற்று நேரம் கழித்து முகத்தில் இளஞ்சிவப்புப் பூசிய சாதாரண வண்டி வருகிறது. மொத்தக் கூட்டமும் அசைகிறது. “உள்ள போங்கம்மா, உள்ள போங்க. படியில நிக்காதீங்க.”

ஒரே தடம், ஒரே தூரம், ஒரே நிறுவனம். ஆனாலும் ஒரு வண்டி காலியாகப் போகிறது, அடுத்தது பிதுங்கிக்கொண்டு போகிறது. சென்னை மாநகரப் பேருந்தின் வரலாற்றைப் படிக்க விரும்புகிறவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். முன்கண்ணாடிக்கு மேல் வெள்ளைப் பலகை என்றால் சாதாரணக் கட்டணம். மஞ்சள், பச்சை, நீலம் என்று நிறம் மாற மாற நிறுத்தங்கள் குறையும், அல்லது கட்டணம் ஏறும், பல நேரம் இரண்டும் நடக்கும். மின்னணுப் பலகைகள் வந்த பிறகும் மக்கள் வாயில் அது “வெள்ளை போர்டு” வண்டிதான். நகரத்தில் எத்தனை பேருந்து ஓடுகிறது என்ற கேள்விக்குள் எத்தனை வெள்ளைப் பலகை ஓடுகிறது என்ற இன்னொரு கேள்வி எப்போதும் ஒளிந்திருக்கிறது.

பேருந்துக்கு முன்பு இந்த நகரத்தைச் சுமந்தது டிராம். 1895 மே 7 அன்று சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியபோது கொல்கத்தாவில் இன்னும் மின்சார டிராம் வந்திருக்கவில்லை. இந்தியாவின் முதல் மின்சார டிராம் நம்முடையது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியபின், நடத்திய நிறுவனம் நட்டத்தில் மூழ்கி, 1953 ஏப்ரல் 12-ல் நின்றுபோனது. அதற்குள் பேருந்து தன் இடத்தைப் பிடித்துவிட்டிருந்தது. தொடக்கத்தில் தனியார் முதலாளிகளின் வண்டிகள்தாம். 1947-ல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த காலத்தில், அரசு 30 வண்டிகளோடு தானே பேருந்து ஓட்ட இறங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் நகரத் தடங்கள் அரசின் கைக்கு வந்தன. நகரத்துக்குள் ஆட்களை ஏற்றிச் செல்வது அரசின் வேலை என்ற முடிவு அப்போது எடுக்கப்பட்டது. லாபம் வரும் தடத்தில் வரும் பணத்தைக் கொண்டு, கூட்டமில்லாத தடத்திலும் கடைசி வண்டியை ஓட்டலாம் என்பதுதான் இதன் உயிர்நாடி. தனி முதலாளிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

1972 ஜனவரி 1 அன்று பல்லவன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. அப்போது அதன் கையில் இருந்தவை 1,029 பேருந்துகள். மதுரைக்குப் பாண்டியன், கோவைக்குச் சேரன், கும்பகோணத்துக்குச் சோழன் என்று கழகங்கள் அடுத்தடுத்து எழுந்த காலம் அது. அரசுத் துறையாக இருந்ததைக் கழகமாக மாற்றியதன் நோக்கம், வண்டி வாங்கவும் தடம் போடவும் கோப்புகளுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பது. பல்லவன் என்ற பெயர் நகரத்தின் நாக்கில் அப்படி ஒட்டிக்கொண்டது. “பல்லவன் வந்துட்டானா?” என்று கேட்ட தலைமுறை இன்றும் இருக்கிறது. பல்லவன் சாலையில் உள்ள தலைமையகம் இன்றும் பல்லவன் இல்லம்தான்.

இங்கே சற்று நின்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1971-ல் சென்னைப் பெருநகரப் பகுதியின் மக்கள்தொகை சுமார் 35 லட்சம். 1,029 வண்டிகளை அதில் வகுத்தால் லட்சம் பேருக்கு 29 வண்டி கிடைக்கிறது. 2011 கணக்கெடுப்பில் அதே பகுதியில் ஏறத்தாழ 89 லட்சம் பேர். இன்று ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. 2020களின் முதல் பாதியில் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் வண்டிகள் 3,200-ஐச் சுற்றியே இருந்தன. ஒரு கோடிக்கு 3,200 என்றால் லட்சத்துக்கு 32. ஐம்பது ஆண்டுகளில் லட்சம் பேருக்கு மூன்றே மூன்று வண்டி கூடியிருக்கிறது. மக்கள்தொகை ஒரு கோடிக்கு மேல் போகப் போக அந்த மூன்றும் கரைந்துவிடும். மத்திய அரசின் நகர்ப்புற அமைச்சகம் வகுத்த சேவை அளவுகோலின்படி நல்ல பேருந்து வசதி என்பது ஆயிரம் பேருக்கு 0.6 வண்டி, அதாவது லட்சத்துக்கு 60. நாம் அதன் பாதியில் நிற்கிறோம். பேருந்தின் எண்ணிக்கை மும்மடங்கானது என்று அரசு சொன்னால் அது உண்மை. நகரமும் மும்மடங்கானது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு உண்மை.

பரப்பைச் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். 1971-ல் பெரும்பாலோர் வேலைக்குப் போன தூரம் சின்னது. இன்று கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்துக் குடியமர்த்தப்பட்ட மக்கள் பழைய மாமல்லபுரம் சாலை ஓரத்தில் இருக்கிறார்கள். வீட்டை மாற்றியவர்களால் வேலையைக் கூடவே தூக்கிச் செல்ல முடியவில்லை. ஒரு வண்டி ஒரு டிரிப் முடிக்க ஆகும் நேரம் நீண்டது, ஆகவே அதே வண்டி ஒரு நாளில் போடும் டிரிப்பின் எண்ணிக்கை குறைந்தது. நெரிசல் கூடக்கூட அது மேலும் குறைகிறது. கணக்கில் 3,200 வண்டி என்று இருந்தாலும் நிறுத்தத்தில் நிற்பவருக்கு அவ்வளவு வண்டி வருவதில்லை.

இந்தப் பற்றாக்குறையைப் பயணிகள் தங்கள் கையாலேயே ஈடுகட்டி வந்திருக்கிறார்கள். சென்னை வண்டியில் கண்டக்டருக்குப் பின்வாசலை ஒட்டி ஓர் இருக்கை. அவர் கூட்டத்துக்குள் புகுந்து வருவதில்லை, வரவும் இடமிருக்காது. முன்பக்கம் நிற்கும் பெண்மணி இருபது ரூபாய்த் தாளைப் பின்னால் நிற்பவர் தோளில் தட்டிக் கொடுக்கிறார். “ஒரு சைதாப்பேட்டை பாஸ் பண்ணுங்க.” தாள் ஏழெட்டுக் கைகளைக் கடந்து கண்டக்டரிடம் போகிறது. அதே கைகள் வழியாகச் சீட்டும் மீதிச் சில்லறையும் சுருட்டியபடி திரும்பி வருகின்றன. நடுவில் ஒருவர் காதில் இயர்போனோடு நிற்பார். அவரும் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி வாங்கி அடுத்தவரிடம் கொடுத்துவிடுவார். சில்லறை வழியில் தொலைந்தது என்று சண்டை நடந்து நான் பார்த்தது மிகக் குறைவு. ஸ்டேஜ் வருவதற்குள் சீட்டுக் கொடுத்து முடியவில்லை என்றால் கண்டக்டர் விசில் அடித்து வண்டியை ஓரங்கட்டச் சொல்வார். “ஸ்டேஜ் க்ளோஸ் பண்ணணும், யாரு டிக்கெட் எடுக்கல?” அந்த இரண்டு நிமிடம் வண்டி நிற்கும், வேலைக்கு நேரமாகிறது என்று எல்லோரும் பதறுவார்கள். ஆனாலும் இதை ஒரு நகரத்தின் நாகரிகம் என்றே நான் கருதுகிறேன். எந்த ஆணையும் விதியும் இல்லாமல், முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் பணத்தை ஒருவர் நம்பி எடுத்துக் கொடுக்கும் இடம் சென்னையில் வேறு எது?

நிறுவனத்தின் பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தன. 1994-ல் பல்லவனிலிருந்து ஒரு பகுதியைப் பிரித்து டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம் அமைத்தார்கள். 1997-ல் தென்மாவட்டத்தில் வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரில் ஒரு கழகம் அமைத்ததை ஒட்டிச் சாதி மோதல்கள் வெடிக்க, மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்களின் பெயர்கள் எல்லாவற்றையும் அரசு நீக்கியது. பல்லவனும் அம்பேத்கரும் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் முதல் கோட்டம், இரண்டாம் கோட்டம் ஆனார்கள். 2001-ல் இரண்டும் மீண்டும் ஒன்றாயின. இந்த மாற்றங்களால் நிறுத்தத்தில் நின்றவருக்கு ஒரு வண்டிகூடக் கூடுதலாக வந்ததாகச் சொல்வதற்கில்லை.

பயணியின் வாழ்வைத் தொட்ட மாற்றம் வேறு இடத்தில், சத்தமில்லாமல் நடந்தது. 2001-க்குப் பிறகு பத்தாண்டுகள் குறைந்தபட்சக் கட்டணம் 2 ரூபாயாகவே நின்றது. டீசல் விலையும் சம்பளமும் ஏறின. கட்டணத்தை உயர்த்தினால் வாக்குப் போய்விடும் என்ற அச்சம். அதற்குக் கண்டுபிடித்த வழிதான் பலகை. வெள்ளைப் பலகை வண்டி பழசாகி உடைசலுக்குப் போகும். அதே தடத்தில் புது வண்டி மஞ்சள் பலகையோடோ சொகுசு வண்டியாகவோ இறங்கும். கட்டணம் உயரவில்லை என்று சட்டமன்றத்தில் சொல்லலாம். நிறுத்தத்தில் நின்றவருக்கோ முக்கால் மணி நேரம் காத்திருந்து பழைய கட்டணத்தில் போவதா, வந்ததில் ஏறி அதிகம் கொடுப்பதா என்ற தேர்வுதான் மிஞ்சியது. வெளிப்படையாகச் செய்யும் கட்டண உயர்வைவிட இது கொடுமையானது என்பது என் கருத்து. வெளிப்படையான உயர்வை எதிர்த்து மறியல் செய்யலாம். வராத வண்டியை எதிர்த்து என்ன செய்வது?

2011 நவம்பரில் குறைந்தபட்சக் கட்டணம் 3 ரூபாயானது. 2013 ஜனவரியில் மொத்தமாக டீசல் வாங்குவோருக்கு மத்திய அரசு தனி விலை வைத்தபோது, பணிமனையில் நிரப்புவதைவிடத் தெருமுனை பங்கில் நிரப்புவது மலிவு என்று ஆகி, அரசுப் பேருந்துகள் லாரிகளுக்கும் கார்களுக்கும் இடையே வரிசையில் நின்றன. 2018 ஜனவரி தொடக்கத்தில் ஊதியத்துக்காகவும் நிலுவைக்காகவும் தொழிலாளர்கள் எட்டு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது முடிந்த சில நாட்களில், ஜனவரி 20 அன்று, கட்டணம் ஒரே அடியாக ஏறியது. சென்னையில் குறைந்தபட்சம் 3 ரூபாய் 5 ஆனது. ஆறேழு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுக ஏற்றியிருக்க வேண்டியதை ஒரே இரவில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதை அடுத்த நாளே நகரம் காட்டியது. கல்லூரி மாணவர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். மின்சார ரயிலில் கூட்டம் கூடியது. பேருந்தை விட்டுப் போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. 2010களின் தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஐம்பது லட்சத்தை ஒட்டி இருந்த பயணங்கள் முப்பது லட்சத்தை நோக்கிச் சரிந்தன.

போனவர்கள் எங்கே போனார்கள் என்பதற்குப் போக்குவரத்து ஆய்வுகள் விடை சொல்கின்றன. 1970-ல் சென்னையில் நடந்த பயணங்களில் ஏறத்தாழ 42 விழுக்காடு பேருந்தில். 1992-ல் அது 38. 2000களின் பிற்பகுதியில் 26. இதே காலத்தில் இருசக்கர வாகனத்தின் பங்கு 2-லிருந்து 7 ஆகி, 25 ஆனது. மாதாமாதம் பேருந்துக்குக் கொடுக்கும் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் வண்டித் தவணை கட்டிவிடலாம் என்ற கணக்கை ஒவ்வொரு வீடும் போட்டது. அந்த வண்டியில் ஏறிப் போனவர் பெரும்பாலும் அந்த வீட்டின் ஆண். பேருந்து நிறுத்தத்தில் மிஞ்சியவர்கள் பெண்கள், முதியவர்கள், பள்ளிப் பிள்ளைகள்.

ஆகவே 2021 மே மாதம், முதலமைச்சராகப் பதவியேற்ற நாளில் மு.க.ஸ்டாலின் கையெழுத்திட்ட ஆணை, சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தந்தபோது, அது ஏற்கெனவே பேருந்தை நம்பியிருந்தவர்களின் கையில் போய்ச் சேர்ந்தது. மே 8 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பிறகு “விடியல் பயணம்” என்று பெயர் பெற்றது. மாதம் சராசரியாக 888 ரூபாய் ஒரு பெண்ணுக்கு மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. வீட்டு வேலை செய்யும் ஒருவருக்கு அது ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்துக் கிடைக்கும் மாதச் சம்பளத்தின் பெரும்பகுதி.

இந்தத் திட்டத்தின் உயிர் ஒரு சிறு தாளில் இருக்கிறது. பணம் வாங்காவிட்டாலும் கண்டக்டர் பெண்களுக்குச் சீட்டு கிழித்துக் கொடுக்கிறார். தொகை இருக்க வேண்டிய இடத்தில் பணமில்லை. அதை ஜீரோ டிக்கெட் என்கிறார்கள். பலர் அதை வாங்கிய மறுநொடி கசக்கி எறிந்துவிடுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு சீட்டும் ஒரு பயணம் நடந்ததற்கான பதிவு. கழகத்துக்கு அரசு ஈடு செய்யும் தொகை அந்தப் பயணங்களின் கணக்கில்தான் நிற்கிறது. தொடக்கத்தில் மாநிலம் முழுமைக்கும் ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் என்று ஒதுக்கினார்கள். இதை “ஓசி” என்று சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மேம்பாலத்தில் கார் ஓட்டிச் செல்பவரும் அந்தப் பாலத்துக்குச் சீட்டு எடுப்பதில்லை. சாலையைப் பொதுப்பணத்தில் கட்டுவது இயல்பு என்றால், அந்தச் சாலையில் ஒரு பெண்ணை வேலைக்குக் கொண்டு சேர்ப்பதும் இயல்புதான்.

குறை திட்டத்தில் இல்லை, வண்டியில் இருக்கிறது. சலுகை வெள்ளைப் பலகைக்கு மட்டும் என்பதால், எத்தனை வெள்ளைப் பலகை ஓடுகிறதோ அவ்வளவுதான் சலுகை. இதைத்தான் கண்ணகி நகர் நிறுத்தத்தில் பார்க்கிறோம். வருமானம் தரும் பலகையையும் வருமானம் தராத பலகையையும் ஒரே கழகம் ஓட்டும்போது, நிதி நெருக்கடி வந்தால் எது முதலில் குறையும் என்பதை 2000களின் அனுபவம் காட்டியிருக்கிறது.

படிக்கட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வண்டியில் ஏறுவதென்றால் செங்குத்தாகப் படியேற வேண்டும். மூட்டுவலி உள்ள பாட்டிக்கு அது மலை. சக்கர நாற்காலியில் வருபவருக்கு வழியே இல்லை. தரையிலிருந்து 400 மில்லிமீட்டர் உயரத்தில் தளம் உள்ள வண்டி வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டுகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் போராடினார்கள். பள்ளம் மேடான சாலையில் அடி தட்டும், மழைநீர் தேங்கினால் ஓடாது, விலை அதிகம் என்று பதில்கள் வந்தன. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவர்கள் பக்கம் நின்றது. ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வளர்ச்சி வங்கிக் கடனுதவியோடு 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் சாலைக்கு வந்தன. நிறுத்தத்தை ஒட்டி நின்றதும் வண்டி ஒரு பக்கமாகச் சற்றுத் தாழ்ந்து கொடுக்கிறது. நீதிமன்றத்துக்குப் போனவர்கள் சிலர். இன்று அந்த வண்டியில் முனகாமல் ஏறும் முதியவர்கள் பல்லாயிரம் பேர்.

2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. சத்தமும் புகையும் இல்லாத வண்டி என்று எல்லோரும் வரவேற்றார்கள். நானும் வரவேற்கிறேன். ஆனால் இவற்றின் ஏற்பாடு வேறு. வண்டியும் ஓட்டுநரும் ஒப்பந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். கண்டக்டரும் கட்டணமும் தடமும் கழகத்தின் கையில். ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கும். கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிறுவனத்துக்குக் கிலோமீட்டருக்குப் பணம் வருவதால், பயணிகளைப் பிடிக்க வண்டிகள் ஒன்றையொன்று முந்தும் பழைய தனியார் போட்டி இதில் இல்லை. அது நல்லது. மறுபுறம், கழகத்துக்குப் பணமுடை வந்து கிலோமீட்டரைக் குறைக்கத் தொடங்கினால், முதலில் வெட்டுப்படுவது கூட்டமில்லாத தடமும் இரவு வண்டியும்தான். தொழிற்சங்கங்கள் இதைத் தனியார்மயம் என்று எதிர்க்கின்றன. அவர்களுடைய அச்சத்தை நான் தள்ளிவிட மாட்டேன். 1947-ல் அரசு ஏற்றுக்கொண்ட பொறுப்பு தடத்தையும் நேரத்தையும் பற்றியது. வண்டி யாருடையது என்பதைவிட, அந்தப் பொறுப்பு ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்கிறதா என்பதே பார்க்க வேண்டியது.

இதற்கிடையே வெளியூர்ப் பேருந்துகளின் வாசல் இடம்பெயர்ந்துகொண்டே போகிறது. பிராட்வேயில் இருந்தது 2002-ல் கோயம்பேட்டுக்குப் போனது. தென்மாவட்ட வண்டிகளுக்கு 2023 டிசம்பர் 30-ல் திறந்த கிளாம்பாக்கம் வந்தது. ஒவ்வொரு முறையும் நகரத்தின் நெரிசல் குறைந்தது, மாநகரப் பேருந்தின் வேலை கூடியது. திருநெல்வேலியிலிருந்து மூட்டையோடு விடியற்காலையில் இறங்குபவரை வீடு வரை சேர்க்க வேண்டியது இப்போது மாநகர வண்டிதான். மெட்ரோ ரயில் 2015-ல் ஓடத் தொடங்கியது, இரண்டாம் கட்டத்தில் 118 கிலோமீட்டருக்கு மேல் கட்டுகிறார்கள். ஆனால் மெட்ரோ நிலையத்திலிருந்து பயணியின் தெருவுக்குத் தண்டவாளம் வராது. அங்கே பேருந்துதான் வர வேண்டும்.

சாலை இதற்கு இடம் தருவதில்லை. அண்ணா சாலையில் எழுபது பேரோடு நிற்கும் வண்டி, ஒருவரோடு நிற்கும் காருக்குப் பின்னால் அதே சிக்னலில் அதே நேரம் நிற்கிறது. பேருந்துக்குத் தனித்தடம் வேண்டும் என்று சென்னையில் பேசத் தொடங்கி நெடுங்காலம் ஆகிறது. அகமதாபாத் 2009-ல் கட்டி ஓட்டத் தொடங்கிவிட்டது. மெட்ரோவுக்கு ஆகும் செலவில் சிறு பங்கு போதும் இதற்கு. தேவைப்படுவது காரோட்டியிடமிருந்து சாலையில் ஒரு கோட்டைப் பிரித்தெடுக்கும் துணிவு.

வாக்குக் கேட்டு உங்கள் தெருவுக்கு வருபவரிடம் புதுப் பேருந்து எத்தனை வாங்குவீர்கள் என்று மட்டும் கேட்டு விட்டுவிடாதீர்கள். லட்சம் பேருக்கு எத்தனை, அதில் வெள்ளைப் பலகை எத்தனை, எங்கள் நிறுத்தத்துக்குக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். பெண்களே, ஜீரோ டிக்கெட்டைக் கண்டக்டரிடம் தவறாமல் கேட்டு வாங்குங்கள். நீங்கள் பயணம் செய்தீர்கள் என்பதற்குக் கணக்கில் இருக்கும் சாட்சி அது ஒன்றுதான்.